பூனையைப் பார்க்க மறுபடியும் மாமல்லபுரம்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் போய் நின்றதும் எல்லோருடைய கண்ணும் யானைகளிடம்தான் போகும். முதல் தடவை எனக்கும் அப்படித்தான். அந்த யானைகளின் அருகிலேயே ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். அது என் கண்ணில் படவே இல்லை. ஊர் திரும்பியதும் நண்பர் ஒருவர், "பூனையைப் பார்த்தாயா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அடுத்த விடுமுறையில் மறுபடியும் பஸ் ஏறினேன்.

ஓர் இடம் பிடித்துப்போனால் தானாகத் திரும்பி வருவோம் என்று நினைக்கிறோம். குளிருக்காக ஊட்டிக்கு வருடந்தோறும் போகிறவர்கள் உண்டு. ஆனால் பழைய கோயிலையும் கோட்டையையும் பொறுத்தவரை, 'பார்த்தாகிவிட்டது' என்ற சொல் குறுக்கே வந்துவிடுகிறது. மனநிறைவோடு வீடு திரும்பியவர்கூட மறுபடி எட்டிப்பார்ப்பதில்லை. பார்க்காமல் விட்டது ஒன்று மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தால்தான் கால் அந்தப் பக்கம் திரும்பும்.

இந்த உறுத்தல் மூளையில் என்ன செய்கிறது என்பதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களிடம் பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டுவிட்டு, விடைக்காகச் சற்றுக் காக்க வைத்தார்கள். ஆவலைத் தூண்டிய கேள்விகளின்போது, ஆர்வத்தைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நடுமூளைப் பகுதியும் நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸும் சுறுசுறுப்பாயின. காத்திருந்த நேரத்தில் காட்டப்பட்ட, கேள்விக்குத் தொடர்பே இல்லாத முகங்கள்கூட நன்றாக நினைவில் தங்கின. ஆவல் பிறந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து பதிகிறது. மாமல்லபுரப் பாறையே ஒரு புதிர்தான்: ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ச்சுனனா, கங்கையை வேண்டும் பகீரதனா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒரே விடையை எழுதி வைப்பது அந்தப் புதிருக்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

பயணம் எப்படி முடிகிறது என்பதும் முக்கியம். உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட சோதனை இது. 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி. அதற்குள் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட சோதனையையே தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் வேதனை சற்றுக் குறைந்ததே காரணம். இதுபோன்ற பழஞ்சின்னங்களைப் பராமரிப்பவர்கள் வாசலுக்குக் காட்டும் அக்கறையை வெளியேறும் வழிக்கும் காட்டவேண்டும்: கொஞ்சம் நிழல், குடிநீர், உட்கார ஒரு திண்ணை.

இரண்டாம் முறை போனபோது, பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கைடு, "இங்கே தவம் செய்கிறவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார். பிள்ளைகள் மேலே நிற்கும் முனிவரைக் காட்டினார்கள். "இன்னும் ஒருவர் இருக்கிறார்" என்றார் அவர். ஒரு சிறுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு யானைகளின் பக்கம் எட்டி எட்டித் தேடினாள். அதற்குள் ஆசிரியர் பஸ்ஸுக்கு அழைத்துவிட்டார். பாறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே அவள் நடந்தாள்.