இருட்டை எண்ணும் அவரை

பங்குனி பிறந்தால் சென்னையில் வெயில் ஏறும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதே பங்குனிதான் இலையுதிர்காலத்தின் வாசல். எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டுக் கொல்லையில் பூசணிக் காம்பு காய்ந்து கட்டையாகிவிட்டது. மடும்பி (இங்கே சேப்பங்கிழங்குக்கு அதுதான் பேர்) இலை பழுத்துச் சாய்கிறது. பாகல் கொடியில் கடைசி நாலைந்து காய். எல்லாம் ஓய்கிற நேரத்தில் ஒன்று மட்டும் வேலையைத் தொடங்குகிறது: கொடி அவரை. நாலைந்து மாதமாகப் பந்தல் முழுக்க இலையைத் தவிர வேறொன்றும் தராத கொடி, மார்ச் கடைசியில் திடீரென்று பூங்கொத்து நீட்டும். ஏப்ரல் கடைசியில் முதல் பறிப்பு.

ஒரு வருஷம் செப்டம்பரில் நாலு விதை, மறந்துபோய் டிசம்பரில் நாலு விதை ஊன்றினேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பூத்தன. மூன்று மாதம் மூத்த கொடிக்கு எந்தச் சலுகையும் இல்லை!

அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் சோயாவில் கண்டதும் இதுதான். முன்னே பின்னே விதைத்த செடிகள் எல்லாம் செப்டம்பரில் சேர்ந்தே பூத்தன. சூடு, ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்துவிட்டு, கடைசியில் தொட்டிகளைச் சாயங்காலமே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். நடுக்கோடையிலேயே பூ வந்துவிட்டது. பகலின் நீளம்தான் காரணம் என்று 1920இல் எழுதினார்கள்.

அது பாதி உண்மை. செடி அளப்பது பகலை அல்ல, இரவை. 1938இல் ஹாம்னர், பானர் என்ற விஞ்ஞானிகள், நீண்ட இரவில்தான் பூக்கும் மருளூமத்தை என்ற களைச்செடியை அப்படிப்பட்ட இரவில் வைத்து, நடுவில் சில நிமிடம் மட்டும் விளக்குப் போட்டார்கள். பூக்கவில்லை. பகல் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கினால் ஒன்றும் கெடவில்லை. இடையில் அறுபடாத இருட்டுதான் கணக்கு.

அளக்கும் கருவி இலையில் இருக்கிறது: பைட்டோகுரோம் என்னும் நிறமிப் புரதம். வெயிலில் உள்ள சிவப்பொளி பட்டால் அது விழித்த வடிவத்துக்கு மாறுகிறது. இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. இதை மட்டும் வைத்து மணற்கடிகாரம் போலச் செடி நேரம் பார்க்கிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். உண்மையில் செல்லுக்குள் ஓடும் நாள்-கடிகாரம் ஒன்றும் கூடச் சேர்கிறது. இருட்டாக இருக்க வேண்டிய நேரத்தில் ஒளி பட்டதா இல்லையா என்று இரண்டும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. படவில்லை என்றால் இலையில் ஒரு சிறு புரதம் உருவாகி, சாறோடு போய் நுனிமொட்டைச் சேர்ந்து, ‘இலை போதும், இனிப் பூ’ என்கிறது. நெல்லில் அந்தப் புரதத்தை 2007இல் அடையாளம் கண்டார்கள். நம் பழைய சம்பா ரகங்கள் பலவும் இரவு நீண்டால்தான் கதிர் தள்ளும். குறுவை அதைப் பார்ப்பதில்லை. பந்தல் அவரைக்கும் குத்து அவரைக்கும் உள்ள வித்தியாசமும் பெரும்பாலும் இதுதான்.

சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரந்தான் வித்தியாசம். டர்பனில் அது நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு: டிசம்பரில் 14 மணி நேரம் பகல், ஜூனில் 10 சொச்சம். மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் சமமாகி, அதன்பின் இரவு வேகமாக நீள்கிறது. அவரைக்கு அது போதும்.

எங்கள் மதிலோரம் புதிதாகத் தெருவிளக்கு வந்த வருஷம் பந்தலில் பாதி பூத்தது, விளக்குப் பக்கத்துப் பாதி பச்சையாகவே நின்றது. “வெளிச்சத்துல கொடி தூங்குமாடா?” என்றார் ஆயா. அவர் பைட்டோகுரோம் படித்ததில்லை. சோயா வயல்களிலும் விளக்குக் கம்பத்தைச் சுற்றி இப்படிப் பச்சை வட்டம் விழுவதுண்டு. அப்போது லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) காலம். தினமும் இரண்டு மணி நேரம் தெரு இருண்டது. அவரைக்குப் பலனில்லை, மின்சாரம் திரும்பிய கணமே கணக்கு முதலிலிருந்து. விளக்குக்கும் பந்தலுக்கும் நடுவே பழைய தார்ப்பாய் கட்டினேன். மே நடுவில் அந்தப் பாதியும் பூத்தது.

1860இல் மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கப்பலேறியவர்களோடு ‘ஆடிப்பட்டம் தேடி விதை’யும் வந்திருக்கும். இங்கே ஆடி என்றால் கம்பளிக் காலம். அதைவிடப் பெரிய சிக்கல் பொங்கல்: ஊரில் தை மாதம் மொச்சை கொழிக்கும் காலம், டர்பனில் அதே ஜனவரியில் பகல் 14 மணி நேரம், பந்தலில் பேருக்கு ஒரு மொக்கு இருக்காது. அதனால் இலையுதிர்காலத்தில் சில காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டு, உரித்துக் காயவைத்து, போத்தலில் போட்டு வைக்கிறார் ஆயா. பொங்கல் குழம்பில் விழுவது எட்டு மாதப் பழைய மொச்சை. முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும்.