திருமணம் உண்மையானது என்று விசா அதிகாரிக்குக் காட்டுவது எப்படி: மும்பைத் தமிழர்களுக்கு ஒரு விளக்கம்

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவரை மணந்துகொண்டு அங்கே குடியேற விண்ணப்பிப்பவர்கள், சென்னையில் இருந்தாலும் சங்கரன்கோவிலில் இருந்தாலும், பெரும்பாலும் கடைசி நேர்காணலுக்கு மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்திலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. ஆகவே மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று தமிழர் வாழும் பகுதிகளில், நேர்காணலுக்காக ஊரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப் போகும் உறவுக்காரர்கள் பல வீடுகளுக்கும் பழக்கமானவர்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பெண் வந்திருந்தாள். அவள் கொண்டுவந்த கோப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கூறைப்புடவை, ஒரே மணமேடை. திருமணத்துக்கு மறுநாளிலிருந்து நேர்காணல் நாள் வரையிலான பதினான்கு மாதங்களுக்கு ஒரு படமும் இல்லை. கேட்டபோது, "கல்யாணம் நடந்ததுக்கு இதைவிட என்ன மாமா வேணும்?" என்றாள்.

அவளுடைய கேள்வியிலேயே பிழை இருக்கிறது. திருமணம் நடந்தது என்பதற்கான சான்று வேறு, அது உண்மையான திருமணம் என்பதற்கான சான்று வேறு. அமெரிக்கச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. முதலாவது, நடந்த இடத்தின் சட்டப்படி அந்தத் திருமணம் செல்லுபடியாக வேண்டும். இரண்டாவது, தாலி கட்டிய நேரத்தில் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழும் எண்ணம் இருவருக்கும் இருந்திருக்க வேண்டும். குடியேற்றப் பலனுக்காக மட்டும் செய்துகொண்ட ஏற்பாடாக அது இருக்கக் கூடாது. மனத்தில் இருந்த எண்ணத்தை யாராலும் நேரில் பார்க்க முடியாது என்பதால், திருமணத்துக்கு முன்னும் பின்னும் இருவரும் நடந்துகொண்ட விதத்தைக் கொண்டே அதிகாரி அதை ஊகிக்கிறார். மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுவதும் விண்ணப்பிப்பவர்களுடையது.

பொய்த் திருமணத்துக்கான தண்டனை கடுமையானது. 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு திருத்தச் சட்டம் இயற்றியது. அதன்படி ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். அதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. ஒருவர் ஒருமுறை பொய்த் திருமணத்தின் மூலம் குடியேற முயன்றார் என்று முடிவாகிவிட்டால், பிற்காலத்தில் அவர் உண்மையாகவே வேறொருவரை மணந்து வாழ்ந்தாலும் அந்த மனு ஏற்கப்படாது. "கொஞ்சம் சரிக்கட்டித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் பேசுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம்மவர்களில் பலருக்கு வேறொரு வீண் அச்சம் இருக்கிறது. பெற்றோர் பார்த்து முடித்த திருமணம் என்றால் அதிகாரி சந்தேகப்படுவார் என்று எண்ணி, இல்லாத காதல் கதையொன்றை இருவரும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். இது தேவையற்றது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. பெற்றோர் ஏற்பாடு செய்த திருமணங்கள் மும்பையில் நேர்காணல் நடத்துவோருக்குப் புதியவை அல்ல. ஜாதகம் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல், திருமணத் தகவல் தளத்தில் வந்த விவரத்தாள், பெண் பார்க்க வந்த நாளின் படம், நிச்சயதார்த்தப் பத்திரிகை ஆகியவையே அத்தகைய உறவின் தொடக்க வரலாறு. அவற்றை அப்படியே வைக்கலாம். ஆனால் ஒரு விதி உண்டு. மணமகன் அங்கேயும் மணமகள் இங்கேயும் இருக்க, காணொளியில் மட்டும் நடந்த திருமணத்தை, அதன்பின் இருவரும் நேரில் கூடி இல்லறம் நடத்தியிருந்தாலொழிய அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் திருமணமாக ஏற்பதில்லை.

முதல் சான்றுக்கு வருவோம். பத்திரிகை, கோயில் ரசீது, மண்டபப் பற்றுச்சீட்டு ஆகிய எவையும் திருமணப் பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகா. மும்பையில் இருப்பவர்கள், எந்த மதத்தினராயினும், 1998-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரத் திருமணப் பதிவுச் சட்டத்தின்படி மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் சாட்சிகளோடு செல்வது நல்லது. தமிழ்நாட்டில் நடந்த திருமணத்துக்கு 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே 90 நாட்களை வைத்திருக்கிறது; அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் உண்டு. பதிவு இருந்தாலே போதும், சடங்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விசாவுக்காக முன்கூட்டியே கையெழுத்திடுபவர்கள், இந்து திருமணச் சட்டத்தின் கீழ் முறைப்படியான சடங்கு நடக்காமல் பதிவு மட்டும் செய்தால் அது திருமணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் கூறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். சுயமரியாதைத் திருமணம் செய்வோருக்கும் ஒரு குறிப்பு: அதற்குச் சட்ட ஏற்பு தரும் 7-ஏ பிரிவு, இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் கொண்டுவந்த மாநிலத் திருத்தம்; மகாராஷ்டிரத்தில் அது இல்லை. தாராவியில் ஒரு மன்றத்தில் மாலை மாற்றிக்கொள்ளும் இணையர்கள், 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிந்துகொள்வதே பாதுகாப்பு.

இருவரில் ஒருவருக்கு முன்பு திருமணம் ஆகியிருந்தால் அது முடிந்ததற்கான நீதிமன்ற ஆணையோ இறப்புச் சான்றிதழோ கட்டாயம் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதிக்கொண்ட மணவிலக்குப் பத்திரத்தையோ, நோட்டரி முத்திரையிட்ட இருபது ரூபாய்த் தாளையோ நம்பி வந்தவர்களின் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பெயர்க் குழப்பம் தமிழர்களுக்கே உரியது. தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு விரிந்திருக்கும். மும்பைப் பள்ளியில் படித்தவருக்கோ தந்தை பெயர் நடுவில் புகுந்து, கடைசியில் ஊர்ப் பெயரோ சாதிப் பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கும். வார்டு அலுவலகத்தில் திருமணத்தைப் பதியும்போதே இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அமைகிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு. திருமணமான பெண் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இனி இரண்டாவது சான்று. பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்க விதிமுறை சில எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறது: இருவர் பெயரிலும் உள்ள சொத்து, இருவரும் சேர்ந்து எடுத்த வாடகை ஒப்பந்தம், ஒன்றாகக் கலந்த வரவுசெலவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவரம் தெரிந்த பிறரின் உறுதிமொழிப் பத்திரம், இவை தவிர உறவைக் காட்டும் வேறு எதுவும். கணவர் நியூஜெர்சியிலும் மனைவி மாமியார் வீட்டிலும் இருக்கையில் கூட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு எங்கே போவது? நான் மேலே சொன்ன பெண்ணின் கதையும் இதுதான். கணவர் மாதம் தவறாமல் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அது மாமனாரின் கணக்குக்குப் போனது, மாமனார் எடுத்து மருமகளின் கையில் கொடுத்தார். குடும்பத்துக்குள் இதைவிட இயல்பான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் காகிதத்தில் பார்த்தால், அந்தப் பதினான்கு மாதங்களில் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. என்.ஆர்.ஐ. கணக்கில் இந்தியாவில் வசிக்கும் மனைவியைக் கூட்டாகச் சேர்க்க வழி இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், அனுப்பும் தொகையில் ஒரு பகுதியை நேராக மனைவியின் கணக்குக்கு அனுப்பினாலே போதும். திருமணமான மாதத்திலேயே இதைத் தொடங்கியிருந்தால், வங்கி அறிக்கை ஒன்றே பாதிக் கோப்புக்குச் சமமாக இருந்திருக்கும்.

இதேபோல் வாழ்க்கையின் போக்கில் தானாகச் சேரும் காகிதங்களுக்குத்தான் மதிப்பு அதிகம், ஏனெனில் அவை விசாவுக்காகத் தயாரிக்கப்பட்டவை அல்ல. எல்.ஐ.சி. பாலிசியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் வாரிசுதாரராகக் கணவர் அல்லது மனைவியின் பெயரை மாற்றிய பதிவு, கணவரின் நிறுவன மருத்துவக் காப்பீட்டில் மனைவி பெயர், மாமியார் வீட்டு ரேஷன் கார்டில் சேர்த்த பெயர், கணவர் விடுப்பில் வந்த தேதிகளைக் காட்டும் பாஸ்போர்ட் முத்திரைகள், அந்த நாட்களில் இருவரும் சேர்ந்து பயணம் செய்த ரயில் சீட்டு, தங்கிய விடுதியின் ரசீது ஆகிய அனைத்தும் இவ்வகை. கணவர் வந்து சில மாதம் மும்பையில் தனி வீடு எடுத்துத் தங்கியிருந்தால், பதிவுசெய்த லீவ் அண்ட் லைசென்ஸ் (வாடகை) ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். அமெரிக்க வருமான வரிக் கணக்கில் மனைவி இருக்கும்போதே தன்னைத் திருமணமாகாதவர் என்று காட்டிக் கணக்குத் தாக்கல் செய்வது, மற்ற எல்லாச் சான்றுகளையும் மறுக்கும் ஒரே காகிதமாக வந்து நிற்கும்.

வாட்ஸ்அப் உரையாடலை நானூறு பக்கம் அச்சிட்டுக் கொண்டுவருகிறார்கள். அதை யாரும் படிக்கப் போவதில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம், தேதி தெரியும்படி, குடும்ப விஷயம் பேசப்பட்ட பகுதியாக எடுத்தால் போதும்: மாமனாரின் கண் அறுவை சிகிச்சை, தங்கையின் வளைகாப்புக்கு எவ்வளவு செய்வது என்ற பேச்சு, யார் மறந்தார்கள் என்று நடந்த சண்டை. மொய் நோட்டு எந்த விதிமுறையிலும் இல்லைதான். ஆயினும் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருதரப்பு உறவினர்களின் பெயரும் ஊரும் தொகையும் ஒரே கையெழுத்தில் வரிசையாக இருக்கும் இரண்டு பக்கங்களை மொழிபெயர்ப்போடு வைப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. இரு குடும்பமும் ஊரறியக் கூடி நின்றதை அவ்வளவு சுருக்கமாகக் காட்டும் ஆவணம் வேறில்லை.

உறுதிமொழிப் பத்திரத்தைப் பொறுத்தவரை, நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்து தரும் "இவர்கள் உண்மையான தம்பதியர் என்று உறுதி கூறுகிறேன்" என்ற ஒற்றை வரிக்கு அதிக எடை இல்லை. எழுதுபவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த இடம், தம்பதியரோடு அவருக்குள்ள உறவு, இந்த விவரம் அவருக்கு எப்படித் தெரியும் என்பதற்கான முழு விளக்கம் ஆகிய அனைத்தையும் விதிமுறை கேட்கிறது. எதிர்வீட்டு அக்கா, கணவர் தீபாவளிக்கு வந்திருந்தபோது இருவரும் தன் வீட்டில் சாப்பிட்டதையும், மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் அமெரிக்காவிலிருந்து தன் கைப்பேசிக்கு அழைத்து விசாரித்ததையும் தேதியோடு எழுதிக் கொடுத்தால், அது பத்து முத்திரைத் தாளுக்குச் சமம். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களோடு, மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியுடன் கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும்.

நடைமுறை இதுதான். அமெரிக்காவில் இருப்பவர், தன் துணைவரை அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். துணைவருக்கான ஐ-130ஏ படிவம் அதோடு செல்லும். 2024 ஏப்ரல் 1 முதல் மனுக் கட்டணம் இணையவழியில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். மனு ஏற்கப்பட்டபின் தேசிய விசா மையத்தில் குடியேற்ற விசாவுக்கான டிஎஸ்-260 விண்ணப்பமும், அமெரிக்க வறுமைக்கோட்டு வரம்பின் 125 விழுக்காட்டுக்குக் குறையாத வருமானத்தைக் காட்டித் துணைவரைத் தாங்குவேன் என்று மனுதாரர் தரும் ஐ-864 உறுதிமொழியும், பாஸ்போர்ட் அலுவலகம் தரும் காவல்துறைச் சான்றும் வேண்டும். மனுதாரர் கிரீன் கார்டு மட்டும் உள்ளவரானால் ஆண்டு ஒதுக்கீட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும்.

நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களே. எப்போது முதலில் சந்தித்தீர்கள், கணவருக்கு என்ன வேலை, யாரோடு தங்கியிருக்கிறார், கடைசியாக எப்போது வந்தார் என்பது போன்ற கேள்விகளுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும். மாமியார் சொல்லிக் கொடுத்த விடை, படிவத்தில் கணவர் எழுதிய விடையோடு முரண்படுவதுதான் பல சந்தேகங்களுக்குத் தொடக்கம். 221(ஜி), அதாவது விசா இப்போதைக்கு மறுக்கப்படுகிறது என்று குறிப்பிட்ட தாள் கையில் வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. கேட்ட ஆவணத்தை ஓராண்டுக்குள் கொடுக்க வாய்ப்பு உண்டு.

வேறு நாடுகளுக்குச் செல்வோர் அந்தந்த நாட்டின் அளவுகோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கனடாவில், திருமணம் உண்மையானதாக இல்லாவிட்டாலும் மறுப்பு, குடியேற்றத்தை முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்திருந்தாலும் மறுப்பு. ஆஸ்திரேலியா பொருளாதாரம், வீட்டு நிர்வாகம், சமூகத்தில் அறியப்படும் விதம், ஒருவர்மீது ஒருவருக்குள்ள பற்று என நான்காகப் பிரித்துக் கேட்கிறது. பிரிட்டனில் உறவு நீடிப்பதைக் காட்டுவதோடு, 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானமும் பொதுவாகக் காட்ட வேண்டும்.

விசா கிடைத்ததும் கோப்பை மூட்டை கட்டி வைத்துவிட முடியாது. அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டாண்டு நிறையவில்லை என்றால், நிபந்தனையுடன் கூடிய இரண்டாண்டு அட்டைதான் தருவார்கள். அது முடியும் தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தை இருவரும் சேர்ந்து தாக்கல் செய்து, அதே உண்மையை மறுபடி மெய்ப்பிக்க வேண்டும். இடையில் கணவர் கொடுமைப்படுத்தினாலோ மணமுறிவு ஏற்பட்டாலோ, நல்லெண்ணத்தோடுதான் மணந்தேன் என்று காட்டி மனைவி தனியாகவும் அந்தப் படிவத்தைக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்போது அவளுக்கு உதவக்கூடியவை இந்த வங்கி அறிக்கைகளும் சீட்டுகளும் படங்களுமே என்பதால், எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பெண்ணிடமும், கோப்பின் ஒரு முழு நகலை மும்பையில் நம்பிக்கையான ஒருவரிடம் விட்டு, இன்னொன்றைக் கணவர் கணக்கில் சேராத தன் சொந்த மின்னஞ்சலில் ஏற்றிவிட்டு விமானம் ஏறச் சொல்கிறேன்.