பெற்றோர் விடுப்பு: எம்.எல்.ஏ.வுக்கு உண்டா?

எம்.எல்.ஏ.க்களுக்கும் விடுப்புச் சட்டம் வேண்டும் என்று மனு எழுதுபவர்கள் எந்தச் சொற்களைப் போடுவது? சேலத்தில் எந்த அலுவலகத்தில் கேட்டாலும் 'லீவு போட்டிருக்காங்க' என்பார்கள். விண்ணப்பத்தில் மட்டும் அது 'விடுப்பு' ஆகிவிடும். 'லீவு' என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் பழைய பொருள் அனுமதி. முன்பு புழங்கிய 'ரஜா'வும் அப்படித்தான்; சம்மதத்தைக் குறிக்கும் அரபிச் சொல் உருது வழியாக இங்கே வந்தது. 'விடுப்பு' நம்முடைய 'விடு' என்ற வினையில் பிறந்தது. ஊருக்கே பொதுவாக விடுவது விடுமுறை, ஒருவர் கேட்டுப் பெறுவது விடுப்பு. (யாழ்ப்பாணத்தில் 'விடுப்பு' என்றால் ஊர்வம்பு!)

'மகப்பேறு' என்பதில் மக என்றால் குழந்தை, பேறு என்றால் பெறுதல். திருக்குறளின் 7-ஆம் அதிகாரம் 'மக்கட்பேறு'. 'பெற்றோர்' என்பதும் அதே 'பெறு'விலிருந்து வந்ததுதான். மகப்பேறு விடுப்பு தாய்க்கு மட்டும் உரியது. தகப்பனையும் சேர்த்துச் சொல்ல 'பெற்றோர் விடுப்பு' என்பதே சரி.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் தொடக்கத்திலேயே தோட்டத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 12 வாரமாக இருந்ததை 2017-இல் 26 வாரமாக்கினார்கள். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்தது, இந்த விதிகள் அதிலும் தொடர்கின்றன. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் ஓர் ஆண்டு. சரி, அந்த மலைத் தொகுதியின் எம்.எல்.ஏ.வுக்கு? ஏற்காடு 2013 இடைத்தேர்தலிலும், 2016, 2021 தேர்தல்களிலும் பெண்ணையே சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. ஆனால் எம்.எல்.ஏ. யாருக்கும் ஊழியர் இல்லை என்பதால் இந்தச் சட்டம் எதுவும் அவரைத் தொடாது.

அவருக்கு இருப்பது அரசமைப்பின் 190(4) பிரிவுதான். அவையின் அனுமதி இல்லாமல் 60 நாள் எந்தக் கூட்டத்துக்கும் வராவிட்டால், அவரது இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம். தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் அவை ஒத்திவைக்கப்பட்டிருந்தால் அந்த நாள்கள் கணக்கில் வராது. நாடாளுமன்றத்துக்கு இதே விதி 101(4)-இல் இருக்கிறது. ஆக, அவர் கேட்க முடிவது அனுமதி மட்டும்தான், உரிமை அல்ல.

'ஊதியத்துடன் கூடிய விடுப்பு' என்ற தொடர் இங்கே பாதிதான் பொருந்துகிறது. அவைக்கு வராததற்காக உறுப்பினரின் மாதச் சம்பளம் நின்றுவிடுவதில்லை, எம்.பி.க்களுக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டால் கிடைக்கும் தினப்படிதான் போகும். உண்மையில் போவது வாக்கு. 2019 ஜனவரியில் பிரிட்டனில் துலிப் சித்திக் என்ற எம்.பி., பிரெக்சிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது) வாக்கெடுப்புக்காகத் தன் சிசேரியனைத் தள்ளிப்போட்டு, சக்கர நாற்காலியில் அவைக்கு வந்தார். வயிற்றுப் பிள்ளையோடு அப்படி வரவேண்டிய நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. அந்த மாதக் கடைசியிலேயே, குழந்தை பெற்ற உறுப்பினருக்காக இன்னொருவர் வாக்களிக்கும் முறை அங்கே சோதனையாகத் தொடங்கியது, 2020-இல் நிரந்தரமானது. தமிழில் இது 'பதிலி வாக்கு'. 'பதிலாள் ஓட்டு' என்றாலும் புரியும்.

அப்புறம் 'மருத்துவ விடுப்பு'. பேச்சில் மெடிக்கல் லீவு. 'நோய் விடுப்பு' என்று எழுதுபவர்களும் உண்டு, ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓய்வில் இருப்பவருக்கு அது பொருந்தாது. 'மருத்துவ விடுப்பு' என்றே எழுதுங்கள். எம்.எல்.ஏ.க்களுக்காகச் சட்டம் கேட்டு மனு எழுதுபவர்கள் 'பெற்றோர் விடுப்பு', 'மருத்துவ விடுப்பு', 'பதிலி வாக்கு' மூன்றையும் சேர்த்தே கேட்கவேண்டும். வாக்கு இல்லாமல் விடுப்பு மட்டும் கொடுத்தால், அத்தனை நாளும் அந்தத் தொகுதிக்கு அவையில் குரல் இருக்காது.