‘ஆக’ என்று முடிந்தால் எல்லாம் வினையடையா?

“அவள் அழகாகப் பாடினாள்.” “வீடு அழகாக இருந்தது.” இரண்டிலும் ‘அழகாக’ வருகிறது. முதலாவது பாடிய விதத்தைச் சொல்கிறது. இப்படி ஒரு வினை எப்படி, எப்போது, எவ்வளவு நடந்தது என்று சொல்லும் சொல்தான் வினையடை. இரண்டாவது வீட்டைப் பற்றியது. அங்கே இருத்தலின் விதம் எதுவும் சொல்லப்படவில்லை. கொழும்பில் இரு மொழிகளுக்கு இடையே படிக்கும் பிள்ளைகள் இங்கேதான் புள்ளியை இழக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘லி’ என முடியும் சொல்லைத் தேடிப் பழகிய கண், தமிழில் ‘ஆக’வைக் கண்டதும் கீழே கோடு கீறிவிடுகிறது.

வினையடையைத் தேடுமுன் வினைகளைத் தேடச் சொல்லுங்கள். வாக்கியத்தை முடிக்கும் வினையாகிய முற்று மட்டும் போதாது. பெயரெச்சம் (‘ஓடிய பஸ்’ போலப் பெயரோடு சேரும் வினை), வினையெச்சம் (‘ஓடி வந்தான்’ என்பதில் ‘ஓடி’ போல இன்னொரு வினையோடு சேரும் வினை) எல்லாவற்றையும் வட்டமிட வேண்டும். “காலி வீதியில் வேகமாக ஓடிய பஸ் மெல்ல நின்றது.” இதில் வினை இரண்டு: ஓடிய, நின்றது. ‘வேகமாக’ ஓடியதற்கு, ‘மெல்ல’ நின்றதற்கு. முற்றை மட்டும் பார்க்கும் பிள்ளை இரண்டையும் ‘நின்றது’வோடு கட்டிவிடும். தமிழில் அடை பெரும்பாலும் தன் வினைக்கு முன்னே நிற்கும். ஆகவே வலப்பக்கம் முதலில் வரும் வினையிடம் எப்படி, எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் அடுத்த வினைக்குப் போகலாம்.

‘ஆக’வில் ஐயம் வந்தால் வினையைப் பெயராக்கி, ‘ஆக’வை ‘ஆன’ என்று மாற்றிப் பாருங்கள். வேகமாக ஓடினான், வேகமான ஓட்டம்: பொருந்துகிறது. மருத்துவராகப் பணிபுரிந்தார் என்பதை ‘மருத்துவரான பணி’ என்று சொல்ல முடியாது; அங்கே ‘ஆக’ அவர் வகித்த நிலையைக் காட்டுகிறது. ‘எனக்காகச் சமைத்தார்’ என்பதில் வருவதோ யாருக்காக என்று காட்டும் வேற்றுமைப் பொருள். சந்தியை, அதாவது சொற்கள் சேரும் இடத்தில் வரும் எழுத்து மாற்றத்தை, அடையாளமாக நம்ப வேண்டாம். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மூன்று வகையிலும் வல்லினம் மிகும். நேற்று, இனி, மெல்ல, சட்டென போன்றவை ‘ஆக’ இல்லாமலே வினையடைகள் என்பதையும் மறக்கக்கூடாது.

‘மிக வேகமாக ஓடினான்’ என்பதில் ‘மிக’ வினையைத் தழுவவில்லை, ‘வேகமாக’ என்ற அடையைத் தழுவுகிறது.

வீட்டுப் பேச்சிலேயே பயிற்சி கிடக்கிறது. கெதியா (விரைவாக) வா, ஆறுதலாச் (மெதுவாக) சாப்பிடு, வடிவாப் பார். கடைசி ஒன்று அருமையான எடுத்துக்காட்டு: ‘வடிவான பிள்ளை’யில் அழகு, ‘வடிவாப் பார்’ என்பதில் கவனம். சொல்லின் பொருளையே வினை மாற்றிவிடுகிறது. இப்படிப் பேசும் பிள்ளைக்கு வினையடை ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது.

பரீட்சைக்கு வெளியேயும் இது தேவை. “உடனடியாகக் கட்டணம் செலுத்தியவர்கள் அலுவலகத்துக்கு வரவும்” என்று ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டால், உடனடியாகச் செய்ய வேண்டியது எது? ‘செலுத்தியவர்கள்’ என்ற வினையாலணையும் பெயர் (வினையிலிருந்து பிறந்து, அதைச் செய்தவரைக் குறிக்கும் பெயர்) அடையை இடையிலேயே இழுத்துக்கொள்கிறது. “கட்டணம் செலுத்தியவர்கள் அலுவலகத்துக்கு உடனடியாக வரவும்” என்று எழுதுங்கள். ஒரு சொல் இடம் மாறியதும் குழப்பம் போய்விடும்.