தூங்கும் பம்பரமும் மலையைத் துளைக்கும் குண்டும்

குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஈரான் மேல மறுபடி குண்டு போடப் போறாங்கன்னு டிவியில பேசிக்கிட்டே இருக்காங்க சார். நதான்ஸ் ஆலையில குண்டு விழுந்தா அதுவே அணுகுண்டா வெடிச்சிடாதா? ஊர்ல அம்மா உடனே கிளம்பி வரச் சொல்றாங்க."

அம்மாவுக்கு முதலில் பதில்: வெடிக்காது. அணுகுண்டு வெடிக்க வேண்டுமென்றால், போதிய அளவு செறிவான யுரேனியம் ஒரே இடத்தில், சரியான வடிவத்தில், கண் இமைப்பதற்குள் அல்ல, அதிலும் மிகச் சிறு பங்கு நேரத்தில் ஒன்றுசேர வேண்டும். மேலே விழும் குண்டு செய்வது இதற்கு நேர் எதிர். எல்லாவற்றையும் சிதறடிக்கிறது. சிதறிய யுரேனியத்தில், ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் தொடர்வினை நீடிக்காது.

2025 ஜூனில் இது நிஜமாகவே நடந்தது. 13ஆம் தேதி, யுரேனியத்தைச் செறிவூட்டும் நதான்ஸ் ஆலையை இஸ்ரேல் தாக்கியது. 22ஆம் தேதி அமெரிக்காவின் பி-2 விமானங்கள் மலைக்கு அடியில் இருக்கும் ஃபோர்தோ ஆலை, நதான்ஸ் இரண்டின் மீதும் குண்டு வீசின; இஸ்ஃபஹான் அணு மையத்தின் மீது ஏவுகணைகள் விழுந்தன. ஆலைகளுக்கு வெளியே கதிர்வீச்சு கூடவில்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை சொன்னது. ஏன் கூடவில்லை என்பதற்கும், மலைக்கு அடியில் இருந்த எந்திரங்கள் ஏன் தப்பியிருக்க வாய்ப்பு குறைவு என்பதற்கும் ஒரே பொருள்தான் விடை சொல்கிறது. அது ஓர் ஆள் உயரக் குழாய். மையவிலக்கி என்று பெயர். செய்திகளில் சென்ட்ரிஃபியூஜ் என்பார்கள். எனக்கு அதன் மேல் நீண்ட நாள் காதல்.

பள்ளியில் படித்ததை வேகமாக ஓட்டிவிடுகிறேன். மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் பெரும்பகுதி 238 நிறையெண் கொண்டது. பிளவுக்கு உதவும் 235, 140 அணுக்களுக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் வேதியியல் குணம் ஒன்று, எனவே அமிலம் ஊற்றிப் பிரிக்க முடியாது. வித்தியாசம் எடையில் மட்டும்தான். முறத்தில் புடைத்தால் பதர் பறக்கும், நெல் நிற்கும் அல்லவா, அதே யோசனை. ஆனால் இங்கே பதருக்கும் நெல்லுக்கும் எடை வித்தியாசம் நூற்றில் ஒன்றே கால் பங்குதான்.

புடைக்க வேண்டுமென்றால் அது வாயுவாக இருக்க வேண்டும். யுரேனியத்தோடு ஆறு ஃபுளோரின் அணுக்களைச் சேர்த்தால் வரும் யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு, சாதாரண அழுத்தத்தில் 56 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கற்பூரம்போல உருகாமலே ஆவியாகிவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக 'ஹெக்ஸ்' என்பார்கள். இயற்கை இங்கே ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. ஃபுளோரினில் ஒரே ஒரு நிலையான ஐசோடோப்தான் உண்டு. அதனால் மூலக்கூறின் எடை மாறினால் அதற்குக் காரணம் யுரேனியம் மட்டுமே. ஒன்று 349, மற்றது 352. ஃபுளோரினுக்கும் இரண்டு மூன்று எடைகள் இருந்திருந்தால் இந்தக் கணக்கே குழம்பிப்போயிருக்கும்.

இப்போது குழாய்க்கு வருவோம்.

சின்ன வயதில் பம்பரம் விட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நன்றாகச் சாட்டை சுற்றி விட்ட பம்பரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். "தூங்குது பாரு" என்போம். ஆணி முனை தரையைத் தொடுவதுகூடத் தெரியாது. மையவிலக்கியும் அப்படித் தூங்கும் ஒரு பம்பரம்தான். அடியில் ஓர் ஊசிமுனைத் தாங்கி. மேலே எதுவும் தொடவில்லை. காந்தம் ஒன்று காற்றில் பிடித்து வைத்திருக்கிறது. சுற்றிலும் வெற்றிடம். உரசல் அவ்வளவு குறைவு. ஈரானின் பழைய ரக ஐஆர்-1 எந்திரத்தில் சுழலும் குழாயின் குறுக்களவு 10 சென்டிமீட்டர், நம் வீட்டு எவர்சில்வர் சொம்பு அளவு. அது நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் சுற்றுகிறது. கணக்குப் போட்டால் சுவரின் வேகம் நொடிக்கு 330 மீட்டருக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட ஒலியின் வேகம்.

அந்தச் சுவரோரம் இருக்கும் வாயுவுக்கு எடை இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. மையத்துக்கும் சுவருக்கும் அழுத்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான மடங்கு. அதாவது அந்த வாயுவைப் பொறுத்தவரை 'கீழே' என்றால் பூமி இல்லை, சுவர்தான். கனமான 238 சுவரை நோக்கிக் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது. லேசான 235 மையத்தருகே கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறது. இப்படி ஒரு தடவை பிரிப்பதில் கிடைக்கும் ஆதாயம் சுமார் 7 சதவீதம்தான்.

இதற்கு மேல்தான் நான் ரசிக்கும் இடம். குழாயின் அடிப்பகுதியைச் சற்றே சூடாக்கி, மேல்பகுதியைச் சற்றே குளிர வைக்கிறார்கள். சூடான காற்று மேலே எழும் என்று ஐந்தாம் வகுப்பில் படித்தோம். ஆனால் இந்த வாயுவுக்கு 'மேலே' எது? மையம்! அதனால் அடியில் சூடான வாயு சுவரை விட்டு மையத்துக்கு வருகிறது. பிறகு மையம் வழியே மேலே ஏறுகிறது. உச்சியில் குளிர்ந்து சுவருக்குப் போகிறது. சுவர் வழியே இறங்குகிறது. ஏறும்போது லேசானதைச் சுமந்து ஏறுகிறது, இறங்கும்போது கனமானதைச் சுமந்து இறங்குகிறது. ஆள் உயரக் குழாய் முழுக்க அந்த 7 சதவீதம் திரும்பத் திரும்பப் பெருகுகிறது. உச்சியில் 235 சற்றுக் கூடிய வாயு, அடியில் குறைந்த வாயு. இரண்டையும் எடுக்கப் பம்புகூட வேண்டாம். சுழலாமல் நிற்கும் வளைந்த குழாய் ஒன்றை நீட்டினால் போதும், வேகமாக வரும் வாயு தானே அதற்குள் புகுந்து வெளியேறும். யார் யோசித்தாரோ, அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம் என்று தோன்றும்.

யோசித்தவர்களில் முக்கியமானவர் கெர்னோட் சிப்பே என்ற ஆஸ்திரியர். இரண்டாம் உலகப் போரில் சோவியத்திடம் கைதியாகி, கருங்கடல் ஓரம் சுகுமியில், மாக்ஸ் ஸ்டீன்பெக் தலைமையிலான குழுவில் வேலை செய்தார். 1956இல் விடுதலையானார். குறிப்பேடு ஒன்றையும் கொண்டுவர விடவில்லை. வெளியே வந்தவர், மேற்கத்திய விஞ்ஞானிகள் இதில் பின்தங்கியிருப்பதைக் கண்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்தே முழு எந்திரத்தையும் திரும்பச் செய்து காட்டினார். பிறகு ஐரோப்பாவில் அது வளர்ந்தது. நெதர்லாந்தில் வேலை பார்த்த அப்துல் கதீர் கான் 1975 கடைசியில் வரைபடங்களோடு பாகிஸ்தான் திரும்பினார். அங்கிருந்து கள்ளச்சந்தை வழியே ஈரானுக்குப் போனது. ஐஆர்-1 அந்த வம்சம்தான். ஒரு மனிதனின் தலைக்குள் எல்லை தாண்டிய பொருளைக் குண்டு போட்டு அழிப்பது எப்படி என்று போர்த்திட்டம் போடுபவர்கள் யாரும் சொல்வதில்லை.

ஒரு எந்திரம் போதாது. ஒன்றின் வாயு அடுத்ததற்கு, அதன் வாயு அதற்கடுத்ததற்கு என்று நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாகக் கோத்து ஓட்டுவார்கள். இங்கே ஒரு கணக்கு, செய்தி பார்க்கும்போது உதவும். 140 பேர் கூட்டத்தில் நமக்கு வேண்டியவர், அதாவது 235, ஒருவர். மின் உலைக்கு வேண்டிய 4 சதவீதம் என்றால் 25 பேரில் ஒருவர். அதாவது 115 பேரை ஏற்கெனவே வெளியே அனுப்பியாகிவிட்டது. 20 சதவீதம் என்றால் 5 பேரில் ஒருவர்; இன்னும் 20 பேர்தான் போயிருக்கிறார்கள். அங்கிருந்து குண்டுக்கான 90க்குப் போக வெளியேற வேண்டியவர் நான்கு பேர்கூட இல்லை. "வெறும் 20 சதவீதம்தானே" என்று விவாதத்தில் ஒருவர் சொன்னார். அந்த 20இல் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது ஐயா. தாக்குதலுக்குச் சற்று முன்பு ஈரானிடம் 60 சதவீதச் செறிவில் சுமார் 440 கிலோ யுரேனியம் இருந்ததாக முகமை கணக்கிட்டது. மேலும் செறிவூட்டினால் ஏறத்தாழ பத்து குண்டுகளுக்கு வரும்.

செவ்வாய் எந்த ராசிக்கு வந்தால் போர் வரும் என்று சொல்ல ஜோதிடரைக் கூப்பிடும் சேனல்கள் இந்தப் பத்து வரிக் கணக்கைச் சொல்ல ஓர் இயற்பியல் வாத்தியாரைக் கூப்பிட்டால் என்ன? கூப்பிட்டால் நான் போவேன். பஸ் காசுகூட வேண்டாம்.

சரி, தூங்கும் பம்பரம் எப்போது சாகும்? வேகம் குறையும்போது. தலை ஆடும், தள்ளாடும், உருளும். எங்கள் வீட்டு வாஷிங் மிஷின் துணி பிழியும்போது முழு வேகத்தில் சத்தமில்லாமல் சுற்றும். நிற்கப்போகும் ஒரு கட்டத்தில் மட்டும் தடதடவென்று நடந்து சமையலறை வாசல்வரை வந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் அது ஆட விரும்பும் அதிர்வெண் ஒன்று உண்டு. சுழற்சி அந்த எண்ணைத் தொடும்போது ஆட்டம் பெருகுகிறது. ஒத்ததிர்வு என்பது இதுதான். நீளமான மையவிலக்கிக்கு இப்படிப்பட்ட ஆபத்தான வேகங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. ஐஆர்-1, அலுமினியக் குழாய்த் துண்டுகளை நெளிவு வைத்த உருக்கு வளையங்களால் இணைத்துச் செய்தது. ஆபத்தான வேகங்களை அது பதமாகக் கடந்து போக வேண்டும், அதேபோல் பதமாக இறங்க வேண்டும். 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி வைரஸ் செய்த வேலையே இதைக் கெடுப்பதுதான். நொடிக்கு 1064 சுற்றை 1410க்கு ஏற்றியது, பிறகு 2க்கு இறக்கியது.

எவ்வளவு நுட்பமான சமநிலை என்பதற்கு, ஈரான் அணுசக்தி அமைப்பின் முன்னாள் தலைவர் குலாம் ரெசா அகாசாதே சொன்ன கதை போதும். தொடக்கத்தில் எந்திரங்கள் வெடித்துக்கொண்டே இருந்தனவாம். தேடிப் பார்த்தால், பொருத்தியவர்கள் துணிக் கையுறை போடவில்லை. விரல் பட்ட இடத்தில் ஒட்டிய கிருமிகளின் எடையே சமநிலையைக் கெடுக்கப் போதுமானதாக இருந்ததாம். எந்திரம் அழிந்தது என்றால் பொடியாகிவிட்டது என்று பொருள் என்றும் அவர் சொன்னார்.

கைரேகை தாங்காத எந்திரத்தை 13,600 கிலோ குண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபோர்தோ ஆலை, கோம் நகரத்துக்கு அருகே மலைக்கு அடியில் 80-90 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. குண்டு அந்த ஆழம் வரை துளைக்குமா என்றுதான் எல்லாரும் வாதாடினார்கள். 12 குண்டுகள் அங்கே விழுந்தன. குண்டு அறைக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. பாறை வழியே அதிர்வு போனால் போதும். முகமையின் தலைவர் ரஃபேல் கிராசி சொன்னதும் அதுதான்: அதிர்வு தாங்காத எந்திரங்கள், எனவே மிகப் பெரிய சேதம் எதிர்பார்க்கலாம். நதான்ஸில் இன்னும் எளிது. முதல் நாளே துணை மின்நிலையமும் மாற்று ஜெனரேட்டர்களும் போயின. நிலத்தடிக் கூடத்தைத் தொடாமலே கரண்ட் கட் ஒன்று ஆயிரக்கணக்கான பம்பரங்களைத் தள்ளாட வைத்திருக்கலாம்.

உலோகக் களைப்பு, தாங்கி, அதிர்வு என்று தலைப்பு வைத்து நம் ஊரில் ஆய்வுக்குப் பணம் கேட்டால் குழு கொட்டாவி விடுகிறது. தலைப்பில் 'குவாண்டம்' இருந்தால் நிமிர்ந்து உட்காருகிறது. இந்த விவகாரம் முழுக்க ஊசிமுனைத் தாங்கி ஒன்றின் மேல்தான் நிற்கிறது என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

கதிர்வீச்சு ஏன் பரவவில்லை? குழாய்க்குள் இருக்கும் ஹெக்ஸ் மிக மெல்லிய வாயு. அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஓட்டை விழுந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே பாயும். யுரேனியத்தின் கதிரியக்கமும் மந்தம், 235இன் அரை ஆயுள் 70 கோடி ஆண்டு. உண்மையான ஆபத்து வேதியியலில் இருக்கிறது. ஹெக்ஸ் காற்றின் ஈரத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகிறது. நுரையீரலை அரிக்கும் நச்சு. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் அளவுக்கு மேல் நிரப்பிய ஹெக்ஸ் உருளையைச் சூடாக்கியபோது வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். கதிர்வீச்சால் அல்ல, இந்தப் புகையால். நதான்ஸில் அப்படி நடந்தால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் ஆலைக்குள் இருப்பவர்கள். சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குவைத்துக்கு அது வராது.

ஆனால் வாசகரின் அம்மா பயப்பட ஈரானில் வேறோர் ஊர் இருக்கிறது. புஷேர். அது செறிவூட்டும் ஆலை அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் அணு மின் உலை. நம் கூடங்குளத்தில் இருக்கும் அதே ரஷ்ய விவிஇஆர் குடும்பம். உலை ஓட ஓட உள்ளே அயோடின் 131, சீசியம் 137 போன்ற பிளவுத் துண்டுகள் சேர்கின்றன. அவை யுரேனியம்போல மந்தமானவை அல்ல. 1981இல் இராக்கின் ஒசிராக் உலையை இஸ்ரேல் தகர்த்தபோதும், 2007இல் சிரியாவில் ஓர் உலையைத் தகர்த்தபோதும் கதிர்வீச்சு கிளம்பாததற்குக் காரணம் ஒன்றுதான். இரண்டிலும் எரிபொருளோடு உலை ஓடத் தொடங்கவில்லை. புஷேர் 2011 முதல் மின்சாரம் தருகிறது. குவைத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவில் இருப்பது ஒரே கடல், அந்தக் கடல் நீரைத்தான் உப்பு நீக்கி வளைகுடா நாடுகள் குடிக்கின்றன. அது மாசுபட்டால் தன் நாட்டில் மூன்று நாளில் குடிநீர் தீர்ந்துவிடும் என்று கத்தார் பிரதமரே 2025இல் சொன்னார்.

வாசகருக்கு எழுதிய பதிலில், நதான்ஸ், ஃபோர்தோ என்று செய்தி வந்தால் டிவியை அணைத்துவிட்டுத் தூங்குங்கள் என்றேன். புஷேர் என்று வந்தால் குவைத் அரசு சொல்வதைக் கேளுங்கள். கதிரியக்க அயோடினைத் தடுக்கும் அயோடின் மாத்திரையை அவர்கள் சொல்லாமல் போடாதீர்கள். சாப்பாட்டில் அயோடின் உப்பைக் கூட்டினால் பிரஷர்தான் ஏறும். குடிதண்ணீர் கொஞ்சம் சேமித்து வையுங்கள் என்றும் எழுதினேன். தண்ணீர் கேன் ஆறு ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம். "அது அணுவுக்காக இல்ல சார், பில்டிங்ல மோட்டார் அடிக்கடி போயிடும்."