இளகுகளி: ‘குயிக் கிளே’க்கு ஒரு தமிழ்ச் சொல்

அசைத்தால் கூழாகி ஓடும் ஒருவகைக் களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘குயிக் கிளே’ (quick clay) என்று பெயர். அதை ‘விரைவுக் களிமண்’ என்று தமிழாக்கினால் பொருளே கெட்டுவிடும். இங்கே ‘குயிக்’ வேகத்தைக் குறிக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘உயிருள்ள’ என்று பொருள். ஓடிக்கொண்டே இருக்கும் பாதரசத்தைக் ‘குயிக்சில்வர்’, அதாவது உயிருள்ள வெள்ளி, என்றதும் அப்படித்தான். நார்வே மொழியில் இதன் பெயர் ‘க்விக்லைரெ’. ‘லைரெ’ என்றால் களிமண். சும்மா கிடந்த மண் உயிர் வந்ததுபோல் ஓடுவதால் வந்த பெயர்.

ஏன் ஓடுகிறது? பனியுகத்தின் முடிவில் நார்வே, ஸ்வீடன், கனடாவின் சில பகுதிகள் கடலுக்கடியில் இருந்தன. பனியாறுகள் அரைத்துத் தள்ளிய இல்லைட், குளோரைட் முதலான கனிமத் துகள்கள் அங்கே படிந்தன. உப்பு நீரில் அந்த நுண்தகடுகள் சீட்டுக்கட்டு வீடுபோல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. பனியின் பாரம் நீங்கியதும் நிலம் மேலெழும்பியது. பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நன்னீர் ஊறி உப்பைக் கழுவிவிட்டது. வீடு நிற்கிறது, பிடிப்பு போய்விட்டது. ஒரு கட்டியைக் கையில் எடுத்தால் கெட்டியாகத்தான் இருக்கும். ஒரு சொட்டு நீர்கூடச் சேர்க்காமல் கிளறிப் பாருங்கள், கூழாகி வழியும். அப்புறம் அந்தக் கூழில் கொஞ்சம் உப்பைப் போட்டுக் கலக்கினால் மறுபடி இறுகிவிடும்!

1978இல் நார்வேயின் ரிஸ்ஸாவில் ஏரிக்கரையோரம் ஒரு விவசாயி தோண்டிய மண்ணைக் குவித்ததே இந்தக் களி ஓடப் போதுமானதாக இருந்தது. பண்ணைகள் அப்படியே ஏரிக்குள் சரிந்தன. 2020 டிசம்பர் 30 அன்று அதே நாட்டின் யெர்ட்ரும் பகுதியில் நடந்த இதேபோன்ற நிலச்சரிவில் 10 பேர் இறந்தார்கள்.

இந்த மண்ணை உறுதிப்படுத்த இப்போது சுண்ணாம்பையும் சிமெண்டையும் தூண்களாக உள்ளே கலக்கிறார்கள். பலன் கிடைக்கிறது, சரி. ஆனால் இரண்டையுமே சூளையில் சுட்டெடுக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு ஏராளமாக வெளியாகும். அதனால்தான் கனிமத் தகடுகளின் பரப்பிலேயே தீர்வு தேடும் ஆய்வு எனக்குப் பெரிதாகப் படுகிறது. நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரத்து ட்ராக்வொல்லில் கிணறுகள் இறக்கி, பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பை நிரப்பிப் பார்த்தார்கள். பொட்டாசியம் அயனிகள் மெல்லப் பரவித் தகடுகளில் ஒட்டிக்கொள்ள, அவை ஒன்றையொன்று தள்ளுவது குறைந்து மண் வலுப்பெற்றது. பரவ ஆண்டுக்கணக்காகும் என்பதுதான் குறை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உயிர்க்களி’ மூலத்துக்கு நேரானது. ஆனால் உயிரிகள் நிறைந்த மண்ணோ என்று நினைக்க வைக்கும். புதைமணலைப் பார்த்துப் ‘புதைகளி’ எனலாம். ஆனால் இங்கே ஆள் புதைவதல்ல, நிலமே கிளம்பி ஓடுவதுதான் ஆபத்து. ‘இளகுகளி’ என்பதே என் தேர்வு. மெழுகு இளகும், இறுகும். இந்தக் களியும் அசைத்தால் இளகும், உப்பிட்டால் இறுகும்.