விமான நிலையத்தில் செல்போன் ஏன் மெதுவாக சார்ஜ் ஆகிறது?

விமான நிலையக் காத்திருப்புக் கூடத்தில் சார்ஜ் போட இரண்டு வழிகள் உண்டு. நாற்காலிகளுக்கு நடுவே பதித்திருக்கும் யூஎஸ்பி துளை ஒன்று, சுவரிலோ தூணிலோ இருக்கும் வழக்கமான பிளக் பாயிண்ட் இன்னொன்று. கேபிளை மட்டும் கையில் எடுத்து வந்தவர்கள் யூஎஸ்பி துளையில் செருகிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் சில சமயம் பத்து சதவீதம்கூட ஏறியிருக்காது. என்னைக் கேட்டால், இன்னும் நாலு எட்டு நடந்து சுவர் பிளக்கைத் தேடுவதுதான் நல்லது.

காரணம் எளிய கணக்கு. யூஎஸ்பி முதலில் கணினியோடு மவுஸ், பிரிண்டர் போன்றவற்றை இணைப்பதற்காக வந்தது. 2000-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் அடிப்படை அளவு 5 வோல்ட், 0.5 ஆம்பியர். பெருக்கினால் 2.5 வாட். இன்றைய 5,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல் அடங்கும். 2.5 வாட்டில் அதை நிரப்ப, இடையில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், எட்டு மணி நேரம் போதாது.

ஆனால் எல்லாத் துளையும் 2.5 வாட்தான் தரும் என்றில்லை. அதிகம் தரக்கூடிய துளையாக இருந்தும் போன் குறைவாக எடுத்துக்கொள்வது உண்டு. எதிர்முனையில் இருப்பது எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் போன் மின்சாரத்தை இழுப்பதில்லை. முந்தைய ஏற்பாட்டில், சார்ஜருக்குள் டேட்டா கம்பிகள் இரண்டையும் ஒன்றாக இணைத்திருப்பார்கள். அதைக் கண்டுகொண்ட போன், இது கணினி இல்லை, சார்ஜர்தான் என்று புரிந்துகொண்டு 1.5 ஆம்பியர் வரை எடுக்கும். சில நிறுவனங்கள் அதே கம்பிகளில் தங்களுக்கென்று வேறு அடையாளம் வைத்துக்கொண்டன. அடையாளம் பிடிபடவில்லை என்றால் போன் பாதுகாப்பாகக் குறைந்த அளவிலேயே நின்றுவிடும்.

டைப்-சி வந்தபின் இந்தப் பேச்சுவார்த்தைக்கென்றே தனிக் கம்பி இருக்கிறது. ‘பவர் டெலிவரி’ முறையில் சார்ஜர் தன்னால் தர முடிந்ததைப் பட்டியலாக அனுப்பும்: 5 வோல்ட், 9 வோல்ட், 15, 20 என்று. போன் தனக்கு ஏற்றதைக் கேட்கும், சார்ஜர் அதைக் கொடுக்கும். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 100 வாட் வரை போகும் இந்த முறை 2021-இல் 240 வாட்டாக உயர்ந்தது. பல நாற்காலித் துளைகள் இதற்கு முன் பதித்தவை. போதாததற்கு, இரண்டு துளைகள் ஒரே மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பும் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் செருகியதும் உங்கள் வேகம் குறையும்.

வோல்ட்டை ஏன் ஏற்றுகிறார்கள்? கேபிளில் வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியை, அதாவது அதை அதாலேயே பெருக்கி வருவதைப் பொறுத்தது. கேபிளின் மின்தடை 0.25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 10 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்பினால் 2 ஆம்பியர் ஓடும், 1 வாட் கேபிளிலேயே வெப்பமாகப் போய்விடும். அதே 10 வாட் 9 வோல்ட்டில் போனால் இழப்பு 0.3 வாட்தான். நீளமான, மெலிந்த கேபிள் பயணத்துக்கு ஆகாது என்பதும் இதனால்தான்.

சரி, சுவர் பிளக்குக்கு வருவோம். அங்கே உங்கள் போனுக்கு ஏற்ற சொந்த சார்ஜரையே மாட்டலாம். சார்ஜரின் மேல் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120, இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் 230 வோல்ட். எதைக் கொடுத்தாலும் சார்ஜர் முதலில் அதை நேர்மின்னோட்டமாக்கி, விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறிய மின்மாற்றி வழியாக இறக்கிக்கொள்ளும். வெட்டும் வேகம் கூடக்கூட மின்மாற்றி சிறிதாகும். இன்றைய சார்ஜர்கள் உள்ளங்கையில் அடங்குவது இதனால்தான். ஆகவே வெளிநாட்டில் முள்ளின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். ஹேர் டிரையருக்கு இந்த வசதி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், அதன் எழுத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர், துபாய், லண்டனில் தட்டையான மூன்று முள் பிளக். அதில் எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் நுழைந்து, மற்ற துளைகளை மூடியிருக்கும் தடுப்பை விலக்கும். நம் இரண்டு முள் சார்ஜர் அங்கே நுழையாதது இதனால்தான். பேனா முனையால் எர்த் துளையை அழுத்தித் திறப்பவர்களைப் பார்க்கிறோம். குழந்தைகளைக் காக்க வைத்த தடுப்பு அது, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பழைய முனையங்களைக் கட்டியபோது செல்போனே கிடையாது. அங்குள்ள பிளக்குகளில் பல, தரை துடைக்கும் இயந்திரங்களுக்காக வைத்தவை. அதனால் தூண்களின் அடிப்பகுதி, கண்ணாடிச் சுவரின் கீழ்விளிம்பு, ஆள் இல்லாத கேட் பக்கம் தேடுங்கள். ஓயாமல் செருகிப் பிடுங்கிய சாக்கெட்டில் உலோகப் பற்றுகள் தளர்ந்திருக்கும். சார்ஜர் ஆடினாலோ, பொறி பறந்தாலோ, சூடேறினாலோ வேறிடம் பாருங்கள்.

சுவர் பிளக்கில் இன்னொரு நிம்மதியும் உண்டு. யூஎஸ்பி துளையில் டேட்டா கம்பிகளும் இருக்கலாம். அவற்றின் வழியே போனுக்குள் நுழைய முடியும் என்று 2011-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் ஒரு சார்ஜிங் பெட்டியை வைத்தே எச்சரித்தார்கள். அப்புறம் வந்த போன்கள் டேட்டா கொடுக்கும் முன் அனுமதி கேட்கின்றன. அந்தக் கேள்வி திரையில் வந்தால் மறுத்துவிடுங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் நூறு சதவீதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். லித்தியம்-அயான் பேட்டரி முதலில் வேகமாக ஏறும். அதன் மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டதும் மின்னோட்டம் படிப்படியாகக் குறையும், எண்பதுக்கு மேல் மந்தமாகும்.

பவர் பேங்க் வைத்திருப்பவர்கள், அதை விமானத்தில் கொண்டுபோக 100 வாட்-மணி என்ற வரம்பு இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். 20,000 மில்லிஆம்பியர்-மணி என்றால், 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வாட்-மணி, தாராளமாகக் கொண்டுபோகலாம். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கால் போனை சார்ஜ் செய்ய அனுமதிப்பதில்லை. அந்த விமானத்தில் போகிறவர்கள் ஏறும் முன்பே போனை சார்ஜ் செய்துகொள்வது நல்லது.